பொன்முடிக்கு ரயில் விட்ட பல்செட்காரர்

இந்த வருஷத்துக் கிளப் செய்தியை எழுதும் வேலையை ஸ்ரீலட்சுமி மாமி என் தலையில் கட்டிவிட்டார். நான் செயலாளராம், அதனால் கலைச்செல்விதான் எழுத வேண்டுமாம். சரி, எழுதிவிடுகிறேன். புதிதாக இரண்டு எஞ்சின் வாங்கினோம், ஒன்று ஓடுகிறது. பேட்டை ஸ்டேஷனின் அட்டைக் கூரையை எலி தின்றுவிட்டது. நேமம் பாலத்தை மறுபடி கட்டினோம், மறுபடியும் கோணல். ஆயிற்றா? செய்தி முடிந்தது. மீதி இடம் முழுவதும் ராஜமணி அண்ணாச்சிக்குத்தான். மாமிக்குப் பிடிக்காவிட்டால் அவரே உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் குட்டி ரயில் செய்து ஓட்டுகிற பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த கூட்டம் இது. சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் நரை தட்டிவிட்டது, அபிலாஷ் ஒருவனைத் தவிர. அவன் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்கு வயரிங் செய்து தருகிறான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீவராகத்தில் தலைவர் ஸ்ரீலட்சுமி மாமியின் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். அக்கிரகாரத்து வீடு. அகலம் கிடையாது, நீளம் மட்டும் உண்டு. ரயில் விடுவதற்கென்றே கட்டியது போல இருக்கும். நாகர்கோவிலில் கிளம்புகிற வண்டி பூஜை அறை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக அடுக்களை வாசலில் திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு வந்து சேரும்.

ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒருவர் பொறுப்பு, அவர்தான் அந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர். அடுத்த மேஜைக்காரர் போனில் கேட்டு, இவர் 'லைன் கிளியர்' என்று சொல்லாமல் ஒரு வண்டியும் நகராது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். இருந்தாலும் போனில்தான் கேட்க வேண்டும். வண்டி பாதையில் இருக்கும்போது மாஸ்டர் மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, வீடே பற்றி எரிந்தாலும் சரி. என் வீட்டுக்காரர் ஒரு நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்க எல்லாருக்கும் நல்ல வட்டு" என்றார். வட்டு என்றால் இந்த ஊரில் பைத்தியம் என்று அர்த்தம். அவர் மட்டும் கிரிக்கெட் பார்த்து டிவியோடு பேசுவாராம், அது பைத்தியம் இல்லையாம்.

புது மேஜைகளை அவரவர் இடத்தில் செய்து, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கண்காட்சிக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைப்போம். கண்காட்சி எப்போதும் கர்க்கிடகத்தில்தான், அதாவது நம்ம ஆடியில்தான் வரும். அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, கரமனையில் மண்டபங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். கொட்டுகிற மழையில் குடையை உதறிக்கொண்டு ஜனங்கள் வந்து, மணமேடையில் ரயில் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இனி அண்ணாச்சி. ராஜமணி அண்ணாச்சி பல்செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், கரமனைச் சந்துக்குள் இருக்கும் தன் லேபில் உட்கார்ந்து இவர் பல் செய்து கொடுப்பார். இந்த ஊரில் நிறையப் பேர் இவர் கைவேலையில்தான் சிரிக்கிறார்கள். என் மாமியார் இன்றைக்கும் முறுக்கு கடிப்பது இவர் புண்ணியம். எங்கள் ஸ்டேஷன்களில் நிற்கும் விரல்நுனி உயர மனிதர்கள் எல்லோரும் இவர் செய்தவர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நெய்யாற்றின்கரை போர்ட்டருக்கு ஒரு பல் இல்லாதது தெரியும். ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், "அவனுக்கு வயசாயிட்டுல்லா" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் பின்பக்கத்தையும் செய்து முடிக்காமல் விட மாட்டார். சுவரோடு ஒட்டி நிற்கப்போகிற டிக்கெட் கவுன்டர், அதற்குப் பின்னால் ஜன்னல் வைப்பார், ஜன்னலில் துணி காயப்போடுவார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கத்தினேன்.

"பல்லுக்குப் பின்பக்கத்த ஒருத்தரும் பாக்கமாட்டாங்க கலை. பக்‌ஷே நாக்கு தேடிப் போயிப் பாக்குமே. அங்க சொரசொரன்னு இருந்தா மனுசன் அன்னைக்கு முழுக்க நாக்க அங்கேயே வச்சிக்கிட்டு இருப்பான்" என்றார்.

அண்ணாச்சி பிறந்தது பொன்முடி எஸ்டேட்டில். தேயிலை பறிக்கிறவர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிக் கட்டியிருப்பார்கள், லயம் என்பார்கள். அங்கே ஒரு வீடு. அம்மா சீக்கிரமே போய்விட, வளர்த்தது அக்கா மங்கலம். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாமல், கொழுந்து பறித்து, தம்பியைக் கீழே அனுப்பிப் படிக்க வைத்தவர். இப்போது வேலையிலிருந்து நின்றாகிவிட்டது. ஆனால் அதே லயத்தில் தனியாக, நாலு கோழிகளோடு இருக்கிறார். போன வருஷம் மழையில் அக்கா வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்ட குரல் மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. விடிந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரே பாட்டுதான்: அக்காவைக் கீழே கொண்டுவந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி ஷிபா ஒரு அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, புது மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டார். அண்ணாச்சி மலையேறிப் போய்க் கெஞ்சினார், கோபப்பட்டார், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். அக்கா மசிகிற ஆள் இல்லை. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

"பொன்முடிக்கு ரயில் வரட்டும்லே. அன்னைக்கு ஏறி வாரேன். இப்பம் போ, பஸ்ஸு போயிரும்."

வேறு யாராக இருந்தாலும் அதை 'முடியாது' என்று எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். பொன்முடிக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் பஸ்ஸே நம்பிக்கையில்லை, எங்கிருந்து ரயில் வரும்? நம்ம அண்ணாச்சி என்ன செய்தார்? அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் பொன்முடிக்கு ஒரு லைன் போடப்போறேன்" என்றார்.

மாமிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இல்லாத லைனாக்கும் அது ராஜமணி. நம்ம கிளப்பிலே உள்ளதை உள்ளபடிதான் போடறது. நாளைக்கு ஒருத்தர் கைலாசத்துக்கு லைன் கேப்பர், குடுக்கறதா?"

"விழிஞ்ஞத்துக்கு நீங்க லைன் போட்டிருக்கீங்களே மாமி?"

எங்களுக்கெல்லாம் சிரிப்பை அடக்க முடியவில்லை. விழிஞ்ஞம் துறைமுக மேஜை மாமியின் செல்லம். ஐஸ் குச்சிகளில் கிரேன் கட்டி, கன்டெய்னர் அடுக்கி, நிஜ விழிஞ்ஞத்துக்கு இன்னும் வராத தண்டவாளமும் போட்டாகிவிட்டது.

"அது வரப்போற லைன்" என்றார் மாமி.

"இதும் வரப்போறதுதான்."

"எப்போவாம்?"

"இந்தக் கர்க்கிடகத்துல" என்றார் அண்ணாச்சி. அப்புறம் சிரிக்காமல், அக்கா விழுந்து கிடந்ததை, அவர் சொன்ன வார்த்தையை, எல்லாவற்றையும் சொன்னார். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, போட்டுத் தொலை. ஏத்தம் ஜாஸ்தியாக்கும். வண்டி வழுக்கித்துன்னா என்னைச் சொல்லப்படாது."

ஏற்றத்துக்கும் அண்ணாச்சி வழி வைத்திருந்தார். ஊட்டி ரயிலுக்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் உண்டல்லவா, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். அதையே பல்செட்டுக்குள் வைக்கிற உலோகத்தில் வார்த்துவிட்டார். மலை முழுவதும் பல் அச்சுக்கு ஊற்றுகிற மாவு. லேபில் மிச்சம் கிடந்தது இளஞ்சிவப்பு மாவு என்பதால் பொன்முடி முதல் இரண்டு மாதம் ஈறு நிறத்தில் இருந்தது. பிறகு பச்சை அடித்தார். தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைத் துண்டு துண்டாக வெட்டினார். "வாங்கி வச்சா காணோம், வாங்கி வச்சா காணோம். என் வீட்டுப் பாத்திரம் எல்லாம் இப்போ பொன்முடியிலதான் வெளுக்குது" என்று ஷிபா என்னிடம் புலம்பினார்.

சென்ட்ரல் மேஜையோடு எங்கே சேர வேண்டும் என்று என்னிடம்தான் போனில் கேட்டார். வலது ஓரம், நட்டநடுவில், இவ்வளவு உயரம் என்று சொன்னேன். "ஆயிக்கோட்டே, ஆகட்டும்" என்று வைத்துவிட்டார். மலை கனமோ கனம் என்பதால் முன்கூட்டி ஒரு தடவை கொண்டுவந்து சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்கு இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கண்காட்சி சனி, ஞாயிறு இரண்டு நாள். சனிக்கிழமை காலையில் பெருமழை. தார்ப்பாய் போர்த்திய கூட்ஸ் ஆட்டோவில் பொன்முடி வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி, மூச்சு வாங்கி, மணமேடையில் வைத்தோம். அடடா, என்ன அழகு! வளைவு வளைவாகப் பாதை, பஞ்சில் செய்த மேகம், கெஸ்ட் ஹவுஸ், செல்ஃபி எடுக்கும் ஜோடி, உச்சியில் சின்ன ஸ்டேஷன், மஞ்சள் பலகையில் 'பொன்முடி'. மாமியே, "பேஷ்" என்றார். அபிலாஷ் வயரைக் கையில் பிடித்தபடி குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"பணி பாளி சேட்டா. எல்லாம் போச்சு."

சென்ட்ரல் மேஜை பொன்முடிக்கு வலது பக்கம் நின்றது. பொன்முடித் தண்டவாளம் இடது ஓரத்தில், நட்டநடுவில், அப்பழுக்கில்லாமல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "வலதுன்னு சொன்னேனா இல்லையா அண்ணாச்சி?"

"வலதுதானே வச்சிருக்கேன்." அவர் தன் வலது கன்னத்தைத் தொட்டார், பிறகு மலையைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "கலையே… எங்க வேலையில எதுக்க உக்காந்திருக்கவனோட வலதுதான் வலது. நமக்கு எடது பக்கமா இருக்கும். முப்பது வருசமா அப்படித்தான். மலையும் நம்மளப் பாத்து உக்காந்திருக்குன்னு…"

"மலை என்ன, வாயத் திறந்து பல்லக் காட்டிக்கிட்டா உக்காந்திருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. பத்து மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். அக்கா ஏற்கெனவே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். 'பொன்முடிக்கு ரயில் வந்தாச்சு, சொன்ன சொல்லக் காப்பாத்து' என்று அண்ணாச்சி ஆள் மேல் ஆள் விட்டு வரவழைத்திருந்தார். சென்ட்ரல் மேஜையை மாற்றலாம் என்றால் அதன் பின்னால் பேட்டை, கொச்சுவேளி என்று மண்டபத்தின் அந்தக் கோடிவரை எல்லாம் பூட்டியாகிவிட்டது.

"திருப்பி வைங்க" என்றேன். "இணைப்பு நடுவுலதானே இருக்கு. மலையத் திருப்பினா எடது வலதாயிடும். பின்பக்கம் முன்பக்கமா இருக்கட்டும். நீங்கதான் பின்பக்கத்தையும் செய்யற ஆளாச்சே?"

அண்ணாச்சி மலைக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார். "வேண்டாம் கலை. அந்தப் பக்கம் அக்கா கண்ணுல படாண்டாம்."

"ரயில் ஓடணுமா வேண்டாமா?"

அவர் விரித்த கையை மெல்ல இறக்கினார். திருப்பினோம்.

கெஸ்ட் ஹவுஸ் சுவர்ப் பக்கம் போய்விட்டது. எங்கள் முன்னால் வந்து நின்றது லயம். உச்சி ஸ்டேஷனுக்கு நேர் கீழே, தகரக் கூரை போட்டு, எட்டு வீடு ஒட்டி ஒட்டி. துருப்பிடித்த தகரத்தைக்கூட அப்படியே தீட்டியிருந்தார். விறகு அடுக்கு, தண்ணீர்க் குழாய், கொடியில் துணி, நாலு கோழி. ஏழு வீட்டுக் கதவு திறந்திருந்தது. கடைசி வீட்டின் நீலக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. கடுகளவு இருக்கும், பல் அடைக்கிற வெள்ளியில் செய்தது.

"அக்கா வீடு" என்றார் அண்ணாச்சி தாழ்ந்த குரலில். "அவ இங்க வந்துட்டா அங்க பூட்டித்தானே கெடக்கும்? ஆசையில செஞ்சுட்டேன். இப்பம் பாத்தா எனக்கே என்னமோ போல இருக்கு."

பூட்டை எடுத்துவிடலாம் என்றால் அது ஒட்டியிருப்பது பல்லுக்குப் போடுகிற பசையில். அவசரத்தில் நோண்டினால் கதவு பெயர்ந்துவிடும். அதற்குள் மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மங்கலம் அக்கா வந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. ஒல்லியான உருவம், கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை, சாக்குப் பையில் மரச்சீனிக் கிழங்கு. வந்ததும் வராததுமாகத் தம்பியிடம், "மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். கோழியப் பாத்துக்கிட அடுத்த வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். எங்கலே ஒன் ரயிலு?" என்றார். சிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சென்ட்ரல் மேஜையில் மாமி போனை எடுத்தார். பொன்முடி மேஜையில் அண்ணாச்சி போனை எடுத்தார். "லைன் கிளியர்?" "லைன் கிளியர்." இரண்டே பெட்டியோடு நீல எஞ்சின் கிளம்பியது. ஏற்றத்தில் ஒரு நொடி திணறி, பல்லைக் கவ்விக்கொண்டு, டக் டக் டக்கென்று வளைவு மேல் வளைவாக ஏறி, உச்சியில் போய் நின்றது. மண்டபமே கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா ரயிலைப் பார்க்கவே இல்லை. குனிந்து லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலே மணி. என் வீட்ட எவம்லே பூட்டுனது?"

அண்ணாச்சி அவசரமாகக் கையை நீட்டி அந்தக் கதவை மறைத்தார்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? உசுரோட இருக்கையிலேயே பூட்டிப் பாத்துட்டியோ?"

"அப்படிச் சொல்லாத அக்கா." கூட்டம் இருக்கிறது, கிளப் ஆட்கள் இருக்கிறோம் என்றெல்லாம் அண்ணாச்சி பார்க்கவில்லை. "நீ விழுந்து கெடந்தேல்லா. விடியுத வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தே. இங்க மழை பேஞ்சா எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு அக்கா. நீ இல்லாம எனக்கு யாரு?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல்ல பூட்ட எடு."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து கூர்க் கம்பியை எடுத்தார். ஒட்டிய பல்லைக் கழற்றுகிற பக்குவத்தோடு, பசையைச் சுரண்டிச் சுரண்டி, பூட்டைக் கதவு சேதமாகாமல் எடுத்தார். கதவு திறந்துகொண்டது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளேயும் வீடு இருந்தது. ஒரு கட்டில், கட்டிலில் மடித்த போர்வை, அடுப்பு, அடுப்பில் கெட்டில். பூட்டிய வீட்டுக்குள் யார் பார்ப்பதற்கு இவ்வளவும் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

"அடுப்பு அந்த மூலையிலலா இருக்கு" என்றார் அக்கா. "கோழிய சரியாத்தான் வச்சிருக்கே." பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. "சரிதான். ரயிலு வந்துட்டு, ஒத்துக்கிட்டேன். வாசலுக்கே வந்துட்டு. இனி நான் எதுக்குலே கீழ வரணும்?"

கூடியிருந்த ஜனம் 'ஓ'வென்று சிரித்தது. மாமியும் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் கையில் அந்தக் கடுகுப் பூட்டை வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி நின்றார். ஒரு வருஷத்து உழைப்பு, அக்கா ஒரே வார்த்தையில் ஊதிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார வைத்து, போனைக் கையில் திணித்தேன். "ரயில் உங்க வாசலுக்கு வந்துட்டுல்லா அக்கா? அப்போ அந்த ஸ்டேஷன யாரு பாக்கறது? நீங்களே பாருங்க. இங்க உக்காந்து சும்மா பேசிக்கிட்டு இருந்தா எப்படி?"

அவர் வாயை அடைப்பதற்காகத்தான் செய்தேன். வேறு திட்டமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் அக்கா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சொல்லணும்?" என்று கேட்டார். சட்டத்தைச் சொன்னேன். நீங்கள் சரி சொன்னால்தான் வண்டி வரும், வண்டி பாதையில் இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது.

அடுத்த வண்டிக்கு மாமி போன் செய்தார். "பொன்முடி, லைன் கிளியரா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அக்கா. "மேல மஞ்சு மூடிக் கெடக்கு. ஒண்ணுந் தெரியல."

"மஞ்சா? ஹாலுக்குள்ளே என்ன மூடுபனி வேண்டிக்கெடக்கு?" மாமி அரை அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு போனில் கத்தினார்.

"பொன்முடியப் பத்தி ஒங்களுக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? கர்க்கிடகத்துல ரெண்டாள் தள்ளி நிக்கவன் தெரியமாட்டான். விலகட்டும், சொல்லுதேன்."

மாமி எங்களைப் பார்த்தார். இந்த மாதிரி உள்ளதை உள்ளபடி ஓட்டுகிற மாஸ்டரை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. "சரி, விலகினதும் சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜனங்களும் காத்திருந்தார்கள். வண்டி வராததைப் பார்க்க அவ்வளவு கூட்டம் கூடியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அக்கா மதியச் சாப்பாட்டைக்கூட மேஜையிலேயே வாங்கிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு அண்ணாச்சியே வந்து நின்றார். வேறு ஒருவராக இருந்தால் பஸ் போகட்டும் என்று பேசாமல் இருந்திருப்பார். இவருக்கு அப்படியெல்லாம் வராது. "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. தம்பானூர் ஸ்டாண்டுல கொண்டு விடட்டா?"

"வண்டி ஏத்தத்துல நிக்குதே. எப்படி எந்திரிப்பேன்?"

நிஜமாகவே நின்றிருந்தது. பாதி மலையில், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அபிலாஷ் மேஜைக்கடியில் படுத்து வயரைப் பார்த்தான், "ஒரு சின்ன பிரச்னம் சேச்சி, இப்போ சரியாக்காம்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னான். அந்தச் சின்னப் பிரச்னம் மூணு மணி தாண்டித்தான் சரியாயிற்று. அவ்வளவு நேரமும் அவன் கை வண்டியை நிறுத்துகிற ஸ்விட்சின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸு போயிட்டு" என்றார், பஸ்ஸின் மேல்தான் தப்பு என்பது போல. "இன்னைக்கு மட்டுந்தான், பாத்துக்கோ. விடியங்காட்டிப் போயிருவேன்."

விடிந்ததும் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். ஷிபாவின் புதுச் சேலையைக் கட்டியிருந்தார். அக்கா கணக்கில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூடுபனி மூன்று தடவை, மரம் விழுந்தது ஒரு தடவை. மாமியும் அவரும் போனை வைக்காமல் சண்டை போட்டார்கள், சாயா வந்தால் மட்டும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக் குடித்தார்கள்.

சாயங்காலம் மேஜைகளைப் பிரிக்கத் தொடங்கினோம். வெளியே மழை இன்னும் விடவில்லை. மலையைத் தூக்க ஆட்கள் வந்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எலே மணி, அந்தப் பூட்டு எங்க?"

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். அக்கா அதை நகத்தால் எடுத்தார். நீலக் கதவைச் சாத்தினார். பூட்டைக் கொண்டியில் மாட்ட அவருக்கு நாலைந்து தடவை பிடித்தது. அண்ணாச்சி உதவப் போனார். "தள்ளுலே" என்று அதட்டிவிட்டுத் தானே மாட்டினார்.

"மழை முடியுத வரைக்குந்தான் கீழ இருப்பேன். ஓணத்துக்குப் போயி நானே தொறந்துக்கிடுவேன். அடுத்த மழைக்குப் பாப்போம். நீ என்னமும் பேசப்படாது."

அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"சாவி எங்க?"

"சாவியா?"

"பூட்டுச் செஞ்சவன் சாவி செய்யாண்டாமாலே? நான் எதக் கொண்டு தொறப்பேன்?"

எத்தனையோ பின்பக்கம் செய்த மனிதர் அதைச் செய்ய மறந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் லேபில் போய் உட்கார்ந்து, டாக்டர்களின் அவசரப் பற்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முதல் வேலையாக அந்தச் சாவியைச் செய்தார். அரிசியில் பாதி இருக்கும். அக்கா அதைத் தொலைந்துபோகாமல் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் அவிழ்த்துக் காட்டுகிறார், கையில் மட்டும் கொடுப்பதில்லை.